மேசைக்கடியில் கிடந்த ரோமானியர்... விலை 34.99 டாலர்!

தரையில், ஒரு மேசைக்கு அடியில் கிடந்தது அந்தப் பளிங்குத் தலை. கன்னத்தில் விலைச்சீட்டு: 34.99 டாலர். அன்றைய மதிப்பில் நம்ம பணத்துக்கு சுமார் 2,400 ரூபாய். 2018-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில், 'குட்வில்' கடை ஒன்றில் அதைப் பார்த்தவர், பழைய பொருள்களை வாங்கி விற்கும் ஒரு பெண்மணி. 20 கிலோவுக்கு மேல் கனம். காரில் ஏற்றி, சீட் பெல்ட் மாட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

குட்வில், 1902-ல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் தொடங்கிய தொண்டு நிறுவனம். வீட்டில் வேண்டாத துணிமணி, பாத்திரம், மேஜை நாற்காலி எல்லாவற்றையும் மக்கள் இங்கே கொடுத்துவிடுவார்கள். அதை மலிவாக விற்று, வரும் பணத்தில் வேலை தேடுபவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். மூட்டை மூட்டையாக வந்து குவிவதில் ஒவ்வொன்றின் பூர்விகத்தையும் யார் ஆராய்வது? பார்த்த மாத்திரத்தில் ஒரு விலை, அவ்வளவுதான். பழைய ஸ்வெட்டருக்கும் காபி கோப்பைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. இந்தக் கடைகளுக்குள் நுழைந்தவர்கள் லேசில் வெளியே வராததற்குக் காரணமே அதுதான்!

சிலையின் தேய்மானத்தைப் பார்த்த அந்தப் பெண்மணிக்குச் சந்தேகம். ஏல நிறுவனங்களிடம் விசாரித்தார். வந்த பதில்: சுமார் 2,000 ஆண்டுகள் பழமையான ரோமானியச் சிலை!

ஜாக்பாட் என்றுதானே நினைப்போம்? இல்லை.

பவேரிய மன்னர் முதலாம் லுட்விக், பழைய பாம்பேய் நகர வீடு ஒன்றைப் போலவே 1840-களில் ஜெர்மனியின் அஷாஃபென்பர்க் நகரில் ஒரு மாளிகை கட்டினார். சிலை இருந்தது அங்கேதான். இரண்டாம் உலகப் போரில் மாளிகை குண்டுவீச்சில் சிதைந்தது. பிறகு அந்த ஊரில் அமெரிக்கப் படை முகாமிட்டது. ராணுவ வீரர் யாரோ எடுத்து வந்திருக்கலாம் என்பது ஊகம். குட்வில்லுக்குக் கொடுத்தது யார் என்பதும் தெரியவரவில்லை.

பவேரியா அதை யாருக்கும் விற்கவில்லை. அப்படியென்றால் அது திருட்டுப் பொருள். ரசீது கையில் இருந்தும் அவரால் விற்கவும் முடியாது, சொந்தம் கொண்டாடவும் முடியாது. வக்கீல் வைத்துப் பேச்சு நடந்துகொண்டிருக்க, சிலை அவர் வீட்டு ஹாலிலேயே இருந்தது. ஒரு டிவி தொடரில் வரும் கதாபாத்திரத்தின் நினைவாக 'டென்னிஸ்' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார். செல்லப்பெயர் வைத்து வளர்த்ததைப் பிரிவது, பணம் போவதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடைசியில் உடன்பாடு ஏற்பட்டது. 2022 மே மாதம் முதல் ஓராண்டு சான் அன்டோனியோ கலை அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். பின்னர் ஜெர்மனிக்கே திரும்பியது. கண்டெடுத்தவருக்கு ஒரு சிறு தொகை கிடைத்தது. எவ்வளவு என்று சொல்லவில்லை.

காரில் சீட் பெல்ட்டோடு உட்கார்ந்திருக்கும் டென்னிஸின் படம் இணையத்தில் கிடைக்கிறது. கன்னத்தில் விலைச்சீட்டைக்கூட இன்னும் பிய்க்கவில்லை.