மலையில் ஹீட்டர் மக்கர் பண்ணினால்...

பேட்டரி, டீசல், காற்று: இந்த மூன்றையும் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காதீர்கள்!

கேரவன் என்றதும் நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்டில் நிற்கும் நடிகரின் வண்டிதான் நினைவுக்கு வரும். இப்போது நிலைமை மாறிவருகிறது. டெம்போ டிராவலரையும் பழைய மினி பஸ்ஸையும் படுக்கை, அடுப்படியோடு வீடாக மாற்றிக்கொண்டு குடும்பமாகக் கிளம்புகிறார்கள். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் அதற்கு இடம் உண்டு.

இப்படி வண்டி கட்டுகிறவர்களில் பலருக்கு லடாக் ஒரு கனவு. அதற்காகவே ஹீட்டர் மாட்டுகிறார்கள். ஆனால், அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை லடாக்கில் போய்ச் சோதித்துப் பார்க்க முடியாது. பக்கத்து மலையில்தான் பார்க்க வேண்டும். அதற்குத் தோதான இடம் சித்தேரி.

தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது சித்தேரி. மலையாளி பழங்குடி மக்கள் சாமையும் ராகியும் மரவள்ளியும் விளைவிக்கும் சிறு சிறு கிராமங்கள். மார்கழி, தை ராத்திரிகளில் பனி இறங்கும். ஊர்க்காரர்களுக்கு மண் சுவரும் கம்பளியும் போதும். தகரக் கூரைக்கு அடியில் படுத்திருப்பவருக்குத்தான் விடிய விடியக் குளிரும். வண்டிக்குள் இருக்கும் சூட்டைத் தகரம் வெளியே கடத்திவிடும். நாம் விடும் மூச்சே கூரையில் நீராகக் கோத்து மூஞ்சியில் சொட்டும். ராத்திரி பத்து மணிக்கு ஹீட்டர் நின்றுபோனால் மெக்கானிக்குக்கு அரூர்தான் போக வேண்டும்.

எப்படி எரிகிறது?

கேரவன்களில் அதிகம் மாட்டப்படுவது டீசல் ஹீட்டர். வெபாஸ்டோ, எபர்ஸ்பேச்சர் என்ற இரண்டு ஜெர்மன் நிறுவனங்கள் இதில் பெயர் போனவை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சீன ஹீட்டர்களும் ஏறக்குறைய அதே அமைப்புதான்.

வண்டியின் டேங்கிலிருந்தே ஒரு சின்ன பம்ப் டீசலைச் சொட்டுச் சொட்டாக அனுப்பும். குளோ பிளக் பழுத்துச் சிவந்து அதைப் பற்றவைக்கும். எரிவதற்கான காற்று வெளியிலிருந்து ஒரு குழாய் வழியாக வரும். புகை இன்னொரு குழாய் வழியாக வெளியே போய்விடும். நம் மேல் படும் வெங்காற்றுக்குத் தனிப் பாதை. அது எரியும் அறையின் வெளிப்பக்கத்தைத் தொட்டுச் சூடாகி உள்ளே வருகிறது. இந்த இரண்டு காற்றும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது.

ஆகவே, ஹீட்டருக்கு வேண்டியது மின்சாரம், டீசல், காற்று. அது எரியாமல் போனால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம். இது தெரியாமல்தான் பலர் நல்ல ஹீட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் பேட்டரி

ஓட ஆரம்பித்துவிட்டால் ஹீட்டருக்கு ஓரிரு ஆம்பியர் போதும். பற்றவைக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் குளோ பிளக் எட்டிலிருந்து பத்து ஆம்பியர் வரை இழுக்கும். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, பழையதாக இருந்தால் அந்த நேரத்தில் தொப்பென்று இறங்கிவிடும். 10.5 வோல்ட்டை ஒட்டி வந்ததுமே ஹீட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ஒயர் மெல்லியதாக இருந்தாலும் இதே கதைதான். அதனால் மல்டிமீட்டரை பேட்டரியில் வைக்காதீர்கள். ஹீட்டரின் முனையில் வைத்து, ஸ்டார்ட் ஆகும்போது பாருங்கள். மீட்டர் இல்லையா? இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டரைப் போடுங்கள். எரிந்தால் கோளாறு பேட்டரியிலோ ஒயரிலோதான்.

பள்ளத்தைப் பார்த்து நின்ற வண்டி

அடுத்தது டீசல். சித்தேரியில் ஒரு மார்கழி ராத்திரி நண்பரின் வண்டியில் இதை நேரிலேயே பார்த்தேன். பேட்டரி நன்றாக இருந்தது. ஹீட்டர் மட்டும் எரியவில்லை. சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று, அரூரில் இருக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியனைப் பிடித்தார் நண்பர்.

"பம்ப் டிக் டிக்னு அடிக்குதாங்கண்ணா?"

"அடிக்குது தம்பி. ஆனா புகையே வரல."

"டேங்க்ல எவ்ளோ இருக்குது?"

"கால் டேங்குக்குக் கொஞ்சம் மேல."

"வண்டி மூஞ்சி எந்தப் பக்கம் பாத்து நிக்குது?"

"பள்ளத்தப் பாத்து."

"அப்ப மட்டமான எடத்துல நிறுத்திட்டு ஒரு தடவ போட்டுப் பாருங்கண்ணா. ரெண்டாந்தடவையும் புடிக்கலன்னா விட்ருங்க, காலைல பாத்துக்கலாம்."

ஹீட்டருக்கான குழாயை டேங்கின் அடிவரை இறக்க மாட்டார்கள். இருக்கிற டீசலையெல்லாம் ஹீட்டரே குடித்துவிட்டால் வண்டியைக் கிளப்ப முடியாதே! அதனால் மட்டம் குறைந்ததும் ஹீட்டர் முதலில் நிற்கும். வண்டி சரிவில் நின்றால், இருக்கிற டீசலும் ஒரு பக்கமாக ஒதுங்கிக் குழாய் காற்றை உறிஞ்சும். வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, வெள்ளை நைலான் குழாயில் ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஒரு குமிழி நகர்ந்துபோனது நன்றாகவே தெரிந்தது. சமதளத்துக்குக் கொண்டுபோய் மறுபடி போட்டதும் குமிழிகள் ஓய்ந்தன. கொஞ்ச நேரத்தில் வெங்காற்று வந்துவிட்டது.

'ரெண்டாந்தடவைக்கு மேல் வேண்டாம்' என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. எரியாத டீசல் ஒவ்வொரு முயற்சியிலும் உள்ளேயே தேங்கும். பிறகு திடீரெனப் பற்றினால் வெள்ளைப் புகை மண்டும், ஹீட்டரும் கெட்டுப்போகும்.

குழாயில் குளவி

மூன்றாவது காற்று. நம் ஊரில் ஹீட்டர் வருடத்தில் பத்து மாதம் சும்மா கிடக்கும். வண்டிக்கு அடியில் விரல் பருமனில் திறந்திருக்கும் குழாய் குளவிக்குக் கட்டி வைத்த வீடு! மண் கூடு அடைத்துவிட்டால் எரிவதற்குக் காற்றும் வராது, புகையும் போகாது. மண் ரோட்டில் ஏறியபோது அப்பிய சேறும் அடைத்துக்கொள்ளும். சீசன் முடிந்ததும் குழாயின் வாயைக் கம்பி வலையால் மூடி வைத்து, அடுத்த முறை ஹீட்டரைப் போடுவதற்கு முன் மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

கரி படிவது இன்னொரு தொல்லை. எப்போதும் குறைந்த சூட்டிலேயே வைத்தால் உள்ளே கரி சேரும். அணைப்பதற்கு முன் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் அது குறையும். மெயின் சுவிட்சைத் தட்டி அணைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஹீட்டரின் சொந்த பட்டனை அணைத்தால், ஃபேன் சில நிமிடங்கள் ஓடி உள்சூட்டைத் தணித்த பிறகே நிற்கும்.

உயரம் போகப் போக

சித்தேரியின் உயரம் ஹீட்டருக்கு ஒரு பொருட்டல்ல. ஐயாயிரம் மீட்டரைத் தாண்டிய லடாக் கணவாய்களில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடும். அதே அளவு டீசல், குறைந்த காற்று என்றால் கரிதான் மிஞ்சும். அங்கே போகிறவர்கள் பம்ப் அனுப்பும் டீசலைக் குறைக்கும் வசதியுள்ள ஹீட்டரையே வாங்க வேண்டும். கடுங்குளிரில் சாதாரண டீசல் குழாயிலேயே உறையத் தொடங்கும். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்கில் அறிமுகம் செய்தது இதற்காகத்தான்.

தொடக் கூடாத இடம்

மேலே சொன்னதையெல்லாம் நாமே பார்க்கலாம். புகைக்குழாயின் இணைப்பில் கசிவு, எரியும் அறையில் விரிசல் என்ற சந்தேகம் வந்தால் மட்டும் கை வைக்கக் கூடாது. ஹீட்டரை அணைத்துவிட்டு, வண்டியைத் திறந்துவிட வேண்டும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் பங்கேற்ற சோதனையில் தெரியவந்தது. அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. தூங்குகிறவர் விழித்துக்கொள்ளவும் மாட்டார். ஹீட்டர் போனதே என்று கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ வண்டிக்குள் எரியவிட்டுப் படுப்பதும் இதே ஆபத்துதான்.

ஹீட்டர் வாங்கும் பட்ஜெட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே ஆளுக்கு இரண்டு கம்பளி. இவை இருந்தால், எரியாத ஹீட்டரோடு நடுராத்திரியில் மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே வராது. பழுதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.