வாண்டுகள் வர்றாங்க... வீடு ரெடியா?

என் நண்பர் ஒருவர், ரிட்டையர்டு பாங்க் அதிகாரி. கொடைக்கானலில் வீடு கட்டிக் கீழே தான் குடியிருந்துகொண்டு, மாடியை டூரிஸ்ட்டுகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார். பால்கனியில் நின்றால் பள்ளத்தாக்கு, மேகம், யூகலிப்டஸ் வாசனை... ‘சொர்க்கம்ப்பா!’ என்று அவரே தன் வீட்டுக்கு சர்ட்டிஃபிகேட் கொடுத்துக்கொள்வார்.

முதலில் வந்தவர்கள் எல்லாம் புது மணத் தம்பதிகள். பிரச்னையே இல்லை. அப்புறம்தான் மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அப்பா, அம்மா, பாட்டி, நாலு வயசுப் பெண், ஒன்றரை வயசுப் பையன்.

வந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. மாடியில் ‘ஐயோ!’ என்று அலறல். நண்பர் ஓடிப் போய்ப் பார்த்தால்... பால்கனிக் கைப்பிடியின் குறுக்குக் கம்பிகளில் ஏணி மாதிரி கால் வைத்து ஏறி, பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்த பெண் குழந்தையின் கவுனைப் பாட்டி கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். கீழே பதினைந்து அடி. கருங்கல் தரை!

குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்ட பாட்டி, நடுக்கம் அடங்கியதும் சொன்னது இதுதான்: “வீடு அழகாத்தான் கட்டியிருக்கீங்க தம்பி. ஆனா, பெரியவங்களுக்கு மட்டும் கட்டியிருக்கீங்க!”

அன்று ராத்திரி நண்பருக்குத் தூக்கம் இல்லை. விடிந்ததும், “குழந்தைகளுக்கு அனுமதி இல்லைன்னு போர்டு மாட்டிடலாம்” என்றார். அவர் மனைவி காபி டம்ளரை ‘ணங்’கென்று வைத்தார். “ஏங்க, நாளைக்கு நம்ம பேரன் வந்தா அவனையும் போர்டைப் பார்த்துட்டுத் திரும்பிப் போகச் சொல்வீங்களா? முட்டி போடுங்க முதல்ல!”

“என்னது?”

“முட்டி போட்டுத் தவழ்ந்து மாடி முழுக்கச் சுத்துங்க. குழந்தை கண்ணுக்கு என்ன தெரியும்னு பாருங்க.”

முப்பது வருஷம் மேலதிகாரிகள் முன்னால் நிமிர்ந்தே நின்ற மனிதர், வீட்டம்மாவின் ஒரே வார்த்தையில் மண்டி போட்டார். அன்று அவர் கண்ணில் பட்டதும், பிறகு டாக்டர், எலெக்ட்ரீஷியன் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதும்தான் கீழே. விடுமுறைக்கு வீடு விடுகிறவர்களும் சரி, எடுக்கிறவர்களும் சரி, கொஞ்சம் கவனியுங்கள்!

பால்கனி: குறுக்குக் கம்பி கூடவே கூடாது. நெட்டுக் கம்பிதான். இரண்டு கம்பிக்கு நடுவே நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், சின்ன உடம்பு நழுவிவிடும். உயரம் மூன்றரை அடியாவது வேண்டும். பக்கத்தில் நாற்காலி, மோடா, பூந்தொட்டி எதுவும் வேண்டாம். வாண்டுகளுக்கு அதெல்லாம் படிக்கட்டு!

வெந்நீர்: மலையில் கீஸரை உச்சத்தில் வைப்பது வழக்கம். 60 டிகிரித் தண்ணீர் பட்டால் பெரியவர்களுக்கே சுமார் 5 விநாடியில் தோல் வெந்துவிடும். குழந்தைக்கு இன்னும் சீக்கிரம். 50 டிகிரிக்குக் கீழேயே நிறுத்துங்கள். பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர். சுட்டுவிட்டால் இங்க், பேஸ்ட் வைத்தியம் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டிவிட்டு டாக்டரிடம் போங்கள். குளித்து முடித்ததும் பக்கெட்டைக் கவிழ்த்துவிடுங்கள். தவழும் குழந்தை மூழ்குவதற்குச் சில அங்குலத் தண்ணீர் போதும்.

குளிர்: ‘கரி அடுப்பு கொஞ்சம் உள்ளே வையுங்களேன்’ என்று கேட்பார்கள். கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள்! மூடின அறையில் கரி எரிந்தால் வருவது கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். காஸ் கீஸரும் பாத்ரூமுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். கூடுதலாக இரண்டு கம்பளி கொடுங்கள், போதும்.

வாய்: குழந்தைக்குப் பார்ப்பதெல்லாம் பட்சணம். கம்பளி அலமாரியில் போட்ட பாச்சா உருண்டை அதற்குப் பெப்பர்மின்ட். பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்த பினாயில் அதற்கு ஜூஸ்! இதையெல்லாம் பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சின்ன ரிமோட்டுகளில், பொம்மைகளில் இருக்கும் பொத்தான் பாட்டரி இன்னும் மோசம். உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். மூடியை டேப் போட்டு ஒட்டுங்கள்.

கரன்ட்: தரையோரம் இருக்கும் பிளக் பாயின்ட்டுகளுக்கு உள்மூடி உள்ள சாக்கெட். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஷாக் அடித்த கணமே சப்ளையைத் துண்டித்துவிடும்.

தோட்டம்: ஊர் முழுக்க மணி மணியாகத் தொங்குகிறதே, எக்காளம் மாதிரி ஒரு பூ... அது ஊமத்தையின் உறவுக்காரச் செடி. உடம்பெல்லாம் விஷம். அரளியும் அப்படியே. வெட்டிவிடுங்கள். கேட்டைப் பூட்டியே வையுங்கள். இங்கே காட்டெருமை சில சமயம் காலாற வீதியில் வாக்கிங் வரும். குழந்தை கையில் பிஸ்கட்டோடு வெளியே நின்றால், குரங்கார் பங்கு கேட்பார்.

சரி, பயமுறுத்தியது போதும். உபசாரம்?

மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்தபடி வரும் குழந்தைக்கு முதல் வரவேற்பு, வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு துண்டும்தான். உத்தரத்தில் தூளி கட்ட உறுதியான ஒரு கொக்கி. கட்டிலுக்குப் பதில் தரையில் மெத்தை. அதன் மேல் ரப்பர் ஷீட் விரித்து, ‘நனைச்சா பரவாயில்லைம்மா’ என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். அந்தத் தாயின் முகத்தைப் பாருங்கள்! காலை ஆறு மணிக்குப் பால், காரமில்லாத ரசம் சாதம், மழை வந்தால் விளையாட ஒரு பல்லாங்குழி. சுவரில் பெரிய எழுத்தில் 108, பக்கத்து ஆஸ்பத்திரி, உங்கள் நம்பர், ஆம்புலன்ஸுக்கு வழி சொல்ல வீட்டு அடையாளம்.

புக் செய்யும்போதே இன்னொன்றும் சொல்லிவிடுங்கள். 2024 மே மாதம் ஐகோர்ட் உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அது தெரியாமல் வந்து, சோதனைச் சாவடியில் குழந்தையோடு காத்துக் கிடந்தால் பாவம் இல்லையா?

குடும்பத்தோடு போகிறவர்களே, முன்பணம் அனுப்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள். பால்கனிக் கம்பி எப்படி? கீஸர் எங்கே? ராத்திரி கூப்பிட்டால் யார் வருவார்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு வீடு பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் உங்கள் கண்ணுக்கு மட்டும் லீவு கொடுத்துவிடாதீர்கள்!

நண்பருக்குக் கம்பி மாற்றிய செலவே ஒரு சீஸன் வருமானத்தை விழுங்கிவிட்டது. ரொம்பவும் தயங்கித்தான் செய்தார். அடுத்த வருஷம் அதே மதுரைப் பாட்டி மறுபடி வந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் மாதிரி கம்பியை ஆட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், அலமாரியை முகர்ந்து பார்த்தார். அப்புறம்தான் பேத்தியை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டார்.

“போ கண்ணு, விளையாடு!”

அந்த ஒரு வார்த்தைக்காக இன்னொரு சீஸன் வருமானமும் போகட்டும் என்கிறார் நண்பர். முட்டி வலிதான் இன்னும் போகவில்லையாம். வீட்டம்மா தைலம் தேய்த்துவிடுகிறார்!