நரம்பிழையில் கணுக்கள் ஏன்?

உறையில்லாத மெல்லிய நரம்பிழையில் மின்துடிப்பு விநாடிக்குச் சுமார் 1 மீட்டர்தான் நகர்கிறது. மயலின் உறை போர்த்திய தடித்த இழையிலோ 100 மீட்டரையும் தொடுகிறது. எப்படி?

அந்த உறையின் நடுநடுவே, ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அகலத்தில் இடைவெளிகள் உண்டு. 1870களில் பிரெஞ்சு அறிஞர் ரான்வியே விவரித்த கணுக்கள் இவை. சோடியம் அயனிகளை உள்ளே விடும் வாயில்கள் இங்கேதான் நெருக்கியடித்து நிற்கின்றன. துடிப்பு கணுவுக்குக் கணு தாவி, ஒவ்வொன்றிலும் புது வலுப் பெறுகிறது; அதனால்தான் அந்த வேகம்.

வாயில்கள் அங்கே குவிவது எப்படி என்பதுதான் வியப்பு. கைகால் நரம்புகளுக்கு உறை போடும் ஷுவான் செல்கள் கிளியோமெடின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. இழையின் மேலுள்ள நியூரோஃபாசின் என்ற புரதத்தை அது பற்றிக்கொள்ள, இழையின் உள்ளிருந்து ஆங்கிரின்-ஜி என்ற இன்னொரு புரதம் வந்து சேர்ந்து வாயில்களைப் பிடித்து நிறுத்துகிறது. உறையின் இரு விளிம்புகளும் வேலி போல நின்று அவற்றைச் சிதறவிடாமல் காக்கின்றன.

கில்லன்-பாரே நோயின் சில வகைகளில் உடலின் எதிர்ப்புப் பொருள்கள் இந்தக் கணுக்களையே தாக்குகின்றன; கைகால்கள் செயலிழக்கின்றன.