இரண்டு மணி நேரம் இருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை!

கடலூர்:

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி. ஞாயிற்றுக்கிழமை. காலை மணி 6.29.

சுமத்ரா தீவுக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் பயங்கர பூகம்பம்! அளவு 9.1. அது கிளப்பிய அலை கடலூர் கரையில் வந்து மோதியபோது மணி சுமார் 9.

நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. தேவனாம்பட்டினத்தில் இருந்து பிள்ளை குட்டிகளோடு மஞ்சக்குப்பத்துக்கு நடந்தே வந்து, டீயும் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். "ஓடுங்க" என்று சொல்லத்தான் ஆள் இல்லாமல் போச்சு. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சாமியார்பேட்டை என்று குப்பம் குப்பமாக கடல் புகுந்தது. மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் மாண்டார்கள்.

யாருக்குமே தெரியாதா? தெரியும்! ஹவாய் தீவில் 1949-ம் ஆண்டு முதலே ஒரு சுனாமி எச்சரிக்கை நிலையம் இருக்கிறது. பூகம்பம் நடந்த கால் மணி நேரத்தில் அவர்கள் அறிவிப்பு விட்டார்கள். ஆனால் அது பசிபிக் கடல் நாடுகளுக்காக ஏற்பட்ட நிலையம். நம் பக்கத்துக் கடலுக்கு அப்படி எந்த ஏற்பாடும் அன்று கிடையாது.

காப்பாற்றிய போன்

கடலூருக்கு வடக்கே, புதுச்சேரி எல்லைக்குள் நல்லவாடு என்று ஒரு மீனவர் கிராமம். அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்தார். பூகம்பச் செய்தி அறிந்ததும் வீட்டுக்குப் போன் போட்டார். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய தகவல் மையம் இருந்தது. அலை நிலவரம் சொல்லுகிற ஒலிபெருக்கி அங்கேதான். கதவை உடைத்து உள்ளே போய் மைக்கைப் பிடித்தார்கள். ஊரே வெளியேறியது. படகும் வீடும் போச்சு, உயிர் மிஞ்சியது.

ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி. அவ்வளவுதான் சமாச்சாரம்!

சிதம்பரம் பக்கம் வேறு கதை. பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின. காட்டுக்கு வெளியே மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது.

இப்போது?

2007-ம் ஆண்டு அக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் திறக்கப்பட்டது. கடலின் அடியில் தண்ணீர் அழுத்தத்தை அளக்கும் கருவிகளும், கரையோரம் அலைமட்டக் கருவிகளும் அங்கே தகவல் அனுப்புகின்றன. 2012 ஏப்ரல் 11-ந்தேதி பிற்பகல் சுமத்ரா அருகே மறுபடி 8.6 அளவில் பூகம்பம். சில நிமிடங்களிலேயே எச்சரிக்கை வந்தது, கடலோர மக்கள் வெளியேறினார்கள். நல்லவேளை, பெரிய அலை வரவில்லை.

நிலநடுக்கத்துக்கே முன்னறிவிப்பு உண்டா என்று கேட்கலாம். ஜோசியம் மாதிரி நாளைக்கு வரும் என்று சொல்ல எந்த நாட்டாலும் முடியாது. ஆனால் பூமிக்குள் இரண்டு வகை அலை ஓடுகிறது. முன்னால் வருவது எக்ஸ்பிரஸ், பெரிய சேதம் செய்யாது. பின்னால் வரும் கூட்ஸ்தான் கட்டிடத்தைச் சாய்க்கும். எக்ஸ்பிரஸ் வந்ததுமே கருவி கண்டுபிடித்து மணி அடித்தால், சில விநாடி கிடைக்கும். மெக்சிகோவில் 1991 முதலும், ஜப்பான் மக்களுக்கு 2007 முதலும் இது நடக்கிறது. ஜப்பானில் புல்லட் ரெயிலே தானாக பிரேக் போடும். இந்தியாவில் உத்தரகாண்ட் மாநிலம் 2021-ல் இதற்கென்று செல்போன் செயலி வெளியிட்டது.

அங்கே விநாடிக் கணக்கு. சுமத்ராவில் புறப்படும் அலைக்கு நமக்கு மணிக்கணக்கில் நேரம் இருக்கிறது!

2023-ல் எல்லார் செல்போனும் திடீரென்று அலறியது ஞாபகம் இருக்கும். அரசின் சோதனைச் செய்தி அது. பாக்கெட்டில் போன் இருப்பவருக்குச் சரி. வலை பின்னுகிற பெரியவருக்கும், மீன் கூடையோடு நிற்கும் அம்மாவுக்கும்? ஐதராபாத் சொன்ன சொல் குப்பத்துத் தெருமுனை வரைக்கும் வந்தால்தான் அது எச்சரிக்கை. ஒலிபெருக்கி இருக்கிறதா, பேசுகிறதா, பூட்டின் சாவி யாரிடம் என்பதை அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்தார் இன்றைக்கே பார்த்து வைக்கலாம்.

இன்னொன்று. கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். முதல் அலை போனதும் சாமான் எடுக்கத் திரும்பாதீர்கள். அடுத்தடுத்த அலைகள் மணிக்கணக்கில் வரும்.