பந்தி வஞ்சனை: கொரிந்துவிலும் தஞ்சாவூரிலும்

"பந்தி வஞ்சனை"ன்னா என்னன்னு தஞ்சாவூர்க்காரங்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: ஒரே பந்தியில் உட்காரவைத்து, வேண்டியவர் இலையில் நெய்யைக் கொட்டுவது, வேண்டாதவர் இலையைத் தாண்டிப் போய்விடுவது. கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 11-ம் அதிகாரத்தின் பிற்பகுதி இந்த விவகாரம் தான்.

கி.பி. 50-களில் அந்தச் சபைக்குத் தனிக் கட்டடம் கிடையாது. வசதியான ஒருவர் வீட்டில் கூடி, சேர்ந்து சாப்பிடுவார்கள். அப்பமும் திராட்சரசமும் அந்தச் சாப்பாட்டோடு சேர்ந்தவை. ரோமானிய வீட்டுச் சாப்பாட்டு அறையில் மூன்று சாய்மஞ்சங்கள், வழக்கமா ஒன்பது பேர். மீதிப் பேருக்கு அந்த அறையில் இடமிருக்காது. ஆளைப் பார்த்துப் பரிமாறுவதும் அங்கே சகஜம். இளைய பிளினியின் கடிதம் ஒன்றில் ஒரு விருந்து வருகிறது: தனக்கும் நெருக்கமானவர்களுக்கும் நல்ல ஒயின், சின்ன நண்பர்களுக்கு அடுத்த ரகம், விடுதலை பெற்ற அடிமைகளுக்குக் கடைசி ரகம். பிளினிக்கே அது பிடிக்கவில்லை.

கொரிந்துவிலும் ஒருத்தர் பசியோடு இருக்க, இன்னொருத்தர் வெறித்திருக்கிறார். பவுலின் குற்றச்சாட்டில் முக்கியமான சொல் "வெட்கப்படுத்துதல்". மானமே சொத்தாக இருந்த சமூகத்தில், இல்லாதவனைச் சபை நடுவில் வெட்கப்படுத்துவது சின்ன விஷயம் இல்லை. "அபாத்திரமாய்" சாப்பிடுவது என்பதை இன்று பலரும் தன் அந்தரங்கப் பாவமாக எடுத்துக்கொள்கிறார்கள். கிரேக்கத்தில் அது வினையடை, சாப்பிடும் முறையைச் சொல்கிறது, ஆளை அல்ல. ஜெர்மன் அறிஞர் கெர்ட் தைசன் 1974-ல் இந்தப் பகுதியைப் பணக்காரன்-ஏழை பிரச்சினையாக விளக்கிய பிறகுதான் இது ஆய்வுலகில் பரவலாகப் பேசப்பட்டது.

பவுல் புரட்சிக்காரர் இல்லீங்க. பசித்தால் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாங்க என்கிறார். வீட்டு ஏற்றத்தாழ்வை அவர் தொடவில்லை. இந்தப் பந்தியில் மட்டும் கூடாது.

தஞ்சாவூரில் நடந்தது நேர் எதிர். ஸ்வார்ட்ஸ் ஐயர் (இறப்பு 1798) வளர்த்த சபையில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். திருவிருந்திலும் உயர்த்திக்கொண்ட சாதியார் முதலில். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் இதை உடனே நிறுத்தச் சொன்னார்; தஞ்சாவூரில் பலர் சபையை விட்டு விலகினார்கள். அதற்கு முன்பே, சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்ற கவி வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) புது மிஷனரிகளை எதிர்த்து எழுதியிருந்தார். பூ வைக்கக் கூடாது, தமிழ்ப் பாட்டுக் கூடாது என்றதற்கு அவர் கோபப்பட்டது எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் சாதிகளைச் சேர்ந்து உட்காரச் சொன்னதையும் அதே கொடுமைப் பட்டியலில் வைத்தார். சாதி உலக வழக்கு, விசுவாசத்துக்குச் சம்பந்தமில்லை என்பது அந்தத் தரப்பு வாதம். உலக வழக்கு என்றால் வாசலோடு நின்றிருக்க வேண்டும். அது பந்திக்கே வந்து முதல் இலையில் உட்கார்ந்துவிட்டது.

(அதே காலத்தில் இங்கிலாந்துக் கோயில்களில் பணக்காரர்களுக்கு வாடகை இருக்கைகள் இருந்தன. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

1840-களில் சாதி விஷயத்தில் இளகிய லைப்சிக் மிஷன் வந்தது. விலகியவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.