சுண்டெலிக் குழாயில் மறையும் மருந்து

ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைச் சுண்டெலியின் பிளாஸ்மாவில் கலந்து மேசைமேல் வைத்தால், சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி சிதைந்துவிடும். மனித பிளாஸ்மாவில் அதே மருந்து பல மடங்கு நேரம் தாக்குப்பிடிக்கும். அளவு குறைந்ததும் ஆய்வகத்தில் எல்லோரும் மருந்தை அளக்கும் கருவியான மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் பாவம், அதன்மேல் குற்றமிருக்காது.

சுண்டெலியின் ரத்தத்தில் கார்பாக்சில்எஸ்டரேஸ் என்ற நொதி ஏராளம். மருந்தில் எஸ்டர் பிணைப்பு இருந்தால் நொதி அதை வெட்டிவிடும். மனிதர், நாய் பிளாஸ்மாவில் இந்த நொதி கிடையாது. நமக்கு இவ்வகை நொதிகள் கல்லீரலில்தான் மிகுதி. கொரோனாவுக்கு முன்பே, 2017-ல் வெளியான சார்ஸ் ஆய்வில், இந்த நொதிக்கான மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளில் ரெம்டெசிவிரைச் சோதித்ததற்குக் காரணம் இதுதான்.

விலங்கின் உடலுக்குள் மருந்து சிதைந்தால் அது நாம் அறிய விரும்பும் தகவல். ரத்தம் எடுத்த பிறகு குழாயில் சிதைந்தால் அது வெறும் பிழை. ஆனால் நொதிக்கு அந்த வேறுபாடு தெரியாது, குழாயிலும் வேலையைத் தொடரும். ஆகவே நொதித் தடுப்பானை முன்கூட்டியே குழாயில் இட்டு, ரத்தத்தை உடனே பனிக்கட்டியில் வைத்து, குளிரிலேயே பிளாஸ்மாவைப் பிரிக்கிறார்கள். சந்தேகம் தீர எளிய சோதனை உண்டு: மருந்து கலக்காத பிளாஸ்மாவில் தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்து, நேரம் விட்டு விட்டு அளப்பது. மருந்து குறையக் குறைய சிதைபொருள் கூடினால் கள்வன் நொதிதான்.

மருந்து சிதையாமலே எண் குறைகிறதா? அப்போது பிளாஸ்மாவில் உள்ள கொழுப்புகளான பாஸ்போலிப்பிடுகளைப் பார்க்க வேண்டும். இவை மருந்தோடு ஒரே நேரத்தில் கருவிக்குள் வந்தால், மின்னூட்டம் பெறும் பந்தியில் முந்திக்கொள்ளும். மருந்துக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். இவற்றின் அளவு இனத்துக்கு இனம் மாறும். டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் பொதிந்த அதே மருந்தை ஒப்பீட்டுக்குச் சேர்த்தால் இந்த இழப்பு பெரிதும் ஈடாகிவிடும்.

இன்னும் தந்திரமான எதிரி, ஊசி மருந்தைக் கரைக்கச் சேர்த்த பாலிஎத்திலீன் கிளைக்கால் 400 அல்லது பாலிசார்பேட் 80. ஊசி போட்ட விலங்கின் முதல் சில மாதிரிகளில் மட்டும் இருக்கும் இது, ஒப்பீட்டு மாதிரிகளில் இராது. அதனால் தரச் சோதனை அத்தனையும் தேறிவிடும், மருந்தின் எண் மட்டும் தவறாக வரும். அந்த மாதிரியை வெற்றுப் பிளாஸ்மாவால் பத்து மடங்கு நீர்க்கச் செய்து அளந்து, பத்தால் பெருக்கிப் பாருங்கள். முன்னதைவிட எண் கூடினால் கரைப்பான்தான் மறைத்திருக்கிறது.

மருந்து ஒழுங்குமுறைகளை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பான ஐசிஎச் 2022-ல் தந்த எம்10 வழிகாட்டுதல், ஒவ்வோர் இனத்தின் பிளாஸ்மாவுக்கும் முறையைச் சரிபார்க்கச் சொல்கிறது. விலகல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவில் 20 வரை. சொல்வது எளிது. 25 கிராம் சுண்டெலியின் மொத்த ரத்தமே 2 மில்லிலிட்டருக்குள்தான். மறுபடி அளக்கப் பெரும்பாலும் மாதிரி மிஞ்சுவதில்லை.