சுழலாமல் கடையும் லேத்

மோட்டாரின் தண்டு சுழலும்போது அதன்மேல் ஏற்றிய புல்லியும் பல்சக்கரமும் வழுக்காமல் உடன் சுழல்வதற்கு ஆதாரமாயிருப்பது, தண்டிலும் சக்கரத்தின் துளையிலும் எதிரெதிரே வெட்டிய இரு காடிகளுக்குள் அமர்ந்திருக்கும் ‘கீ’ என்னும் சிறிய எஃகுத் துண்டேயாகும். தண்டின் வெளிப்புறத்தில் காடி எடுப்பது மில்லிங் இயந்திரத்துக்கு எளிய காரியம். துளையின் உட்சுவரில் எடுக்கவேண்டிய காடியான கீவேதான் தொழிலாளியின் பொறுமையைச் சோதிப்பது. இதற்கென்றே ஸ்லாட்டிங் மிஷினும், வரிசையாக உயர்ந்துசெல்லும் பற்களையுடைய பிரோச்சும் நெடுங்காலமாக உண்டு. எனினும், கடைந்து முடித்த பொருளைக் கழற்றி வேறோர் இயந்திரத்தில் மறுபடியும் மையம் பார்த்துப் பூட்டும் சிரமத்தையும், அதனால் நேரும் பிழையையும் தவிர்க்க விரும்புவோர், பொருளைப் பிடித்திருக்கும் சக்கிலிருந்து அதை எடுக்காமல் சி.என்.சி. லேத்திலேயே கீவேயை வெட்டிவிடுகிறார்கள்.

சுழற்சியே சுபாவமான இயந்திரம் இவ்வொரு வேலைக்கு மட்டும் ஸ்திரமாக நிற்கவேண்டும். சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலை வேண்டிய கோணத்தில் நிறுத்திப் பிரேக்கால் இறுக்கியபின், வெட்டுக்கருவிகளை ஏந்தும் டரட்டில் பூட்டிய டூல் துளையின் நீளவாக்கில் ஓடி ஒரு மெல்லிய சீவலை எடுக்கிறது; ஓட்டத்தின் முடிவில் சுவரைவிட்டு விலகித் திரும்பி வந்து, சிறிதே ஆழம் கூட்டிக்கொண்டு மறுபடி ஓடுகிறது. விலகாமல் திரும்பினால் வெட்டுமுனை சுவரில் உராய்ந்து மழுங்கிவிடும்.

25 மி.மீ. விட்டமுள்ள துளையை எடுத்துக்கொள்வோம். அதற்குரிய கீவேயின் அகலம் 8 மி.மீ., ஆழம் 3.3 மி.மீ.; அதாவது எதிர்ச்சுவரிலிருந்து அளந்தால் 28.3 மி.மீ. துளையின் ஆரம் 12.5 மி.மீ. என்பதால் வெட்டை அங்கிருந்து தொடங்கலாமென்று நினைப்பது இயல்பு. விபரீதமும் அங்கேதான் இருக்கிறது. சுவர் வளைந்தும் வெட்டுமுனை நேராகவும் இருப்பதால், முனையின் நடுப்பகுதி சுவரை எட்டுவதற்கு 0.66 மி.மீ. முன்பாகவே அதன் இரு மூலைகளும் உலோகத்தைத் தொட்டுவிடுகின்றன. ஆரத்தையே தொடக்கமாகக் கொண்டால், முதல் ஓட்டத்திலேயே மூலைகள் அவ்வளவு உலோகத்தையும் ஒருசேரத் தாங்க நேர்ந்து, முனை உடைந்துபோகும். ஆகவே 11.8 மி.மீ. ஆரத்திலிருந்து தொடங்கி, ஓட்டத்துக்கு 0.05 மி.மீ. வீதம் இறங்குவதே முறை. வேலை முடிய ஏறக்குறைய 80 ஓட்டங்கள் ஆகும். எக்ஸ் அச்சில் விட்டக் கணக்கே வழங்கும் லேத்துகளில், ஆழம் 0.05 கூட அச்சின் எண் 0.1 கூடவேண்டுமென்பதையும் மறக்கலாகாது.

டூலைத் தாங்கும் தண்டு வெட்டின் விசையால் சற்றே வளைந்துகொடுக்கும். வெளியே நீட்டியுள்ள நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்காகும். ஆதலால், முழு ஆழம் எட்டியபின் ஆழம் கூட்டாமல் ஓரிரு ஓட்டங்கள் விட்டால்தான் அளவு சரியாக நிற்கும். மறுபுறம் அடைபட்ட துளையாயின், சீவல் அறுந்து விழ, காடியின் கோடியில் முன்கூட்டியே ஒரு பள்ளம் கடைந்துவைப்பது அவசியம்.

இத்தனை ஓட்டங்களின் பாரத்தையும் ஸ்லைடும் டரட்டும் தாங்கவேண்டியிருப்பதால், ஆயிரக்கணக்கில் ஒரே உருப்படி செய்பவருக்குப் பிரோச்சே உத்தமம். பத்திருபது உருப்படிகளுக்கு, அதிலும் மற்றொரு துளைக்குக் குறித்த கோணத்தில் கீவே அமையவேண்டிய வேலைக்கு, லேத்தை விட்டு வேறிடம் போகவேண்டியதில்லை.